வள்ளைக்கீரையை வியட்நாம், தாய்லாந்து பாணியில் வீட்டில் வதக்கினால் கறுத்துத் தண்ணீர் விட்டுக்கொள்கிறதே, ஏன்?

நானும் ஒரு வருடம் இப்படித்தான் கறுப்புக் கூழ் சாப்பிட்டேன். எனக்குச் சொந்த ஊர் கடலூர், வேலைக்காகப் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வாடகைக்கு இருந்தபோது கீழ்வீட்டில் ஒரு ஆயா இருந்தார், சொல்தா குடும்பம் (பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்கள் குடும்பம்), சின்ன வயதில் சைகோனில் வளர்ந்தவர். நான் செய்ததை ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, கீரையைக் கடையப் போறியா, வதக்கப் போறியா?" என்று கேட்டார். பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. நாம் கீரை என்றாலே கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மூடி போட்டு, சிறுதீயில் வேகவிடுவோம், முருங்கைக்கு அது சரி, இதற்கு ஆகாது. மூடினால் கீரையில் இருந்து வரும் புளிப்பு ஆவி வெளியே போக வழியில்லாமல் பச்சை நிறத்தைக் கெடுத்துவிடும்.

கழுவியதும் துணியில் விரித்து நன்றாக உலர வையுங்கள். தண்டு உள்ளே குழல் மாதிரி காலியாக இருப்பதால் தண்ணீர் அங்கேயும் தங்கும், உதறி எடுங்கள். தண்டைத் தனியாக, இலையைத் தனியாக ஒடித்துக்கொள்ளுங்கள், அடித்தண்டு முற்றியிருந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். 250 கிராமுக்கு மேல் ஒரே தடவையில் போடாதீர்கள், இரண்டு கட்டு இருந்தால் இரண்டு தடவை வதக்குங்கள், ஏனென்றால் நம் வீட்டு அடுப்பின் சூடு அவ்வளவுதான், மொத்தமாகக் கொட்டினால் வாணலி ஆறிப்போய்க் கீரை வதங்காமல் வேகத்தான் செய்யும்.

ஒரு டீஸ்பூன் மீன் சாஸ் (வியட்நாமில் நுவோக் மாம்), ஒரு டீஸ்பூன் ஆய்ஸ்டர் சாஸ், ஒரு சிட்டிகை சர்க்கரை, மூன்றையும் முதலிலேயே ஒரு கிண்ணத்தில் கலந்து வைத்துவிடுங்கள், அடுப்பில் வைத்த பிறகு பாட்டிலைத் திறக்க நேரம் இருக்காது. உப்பு தனியாக வேண்டாம். இரும்பு வாணலி லேசாகப் புகையும்வரை காய்ந்ததும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், நசுக்கிய பூண்டு ஆறு பல், பூண்டு நிறம் மாறுவதற்கு முன்பே தண்டு, அரை நிமிடம் கழித்து இலை, பிரட்டி சாஸை ஊற்றி இன்னும் ஒரு நிமிடம், உடனே தட்டுக்கு மாற்றிவிடுங்கள். எலுமிச்சை பிழிவதாக இருந்தால் தட்டில் பிழியுங்கள், இரும்பில் பட்டால் மறுபடி கறுக்கும்.

மலேசியாவில் இதையே பெலாச்சான் என்கிற புளித்த இறால் விழுது போட்டுச் செய்வார்கள். அது கிடைக்காவிட்டால் கடலூர்க்காரர்களுக்குக் கவலையே இல்லை, கருவாட்டுக் கடையில் சென்னாக்குனி (காய்ந்த பொடி இறால்) இருக்கிறதே! வெறும் வாணலியில் வறுத்து, மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டோடு இடித்து எண்ணெயில் வதக்கிக் கீரையைப் போடுங்கள், பெலாச்சான் மணம் அப்படியே வராது, ஆனால் எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். வீட்டில் கருவாட்டு வாசனைக்குச் சண்டை வருமென்றால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், வேறு வழியில்லை.

கீரைக்காரம்மாவிடம் எல்லா நாளும் கிடைக்காது, சொல்லி வைத்தால்தான் கொண்டுவருவார். அதனால் நான் தண்டை நான்கு விரல் நீளத்துக்கு ஒடித்து ஈரமண் தொட்டியில் ஊன்றிவிட்டேன், கணுவில் தானாகவே வேர் விடுகிறது. குளத்திலோ வாய்க்காலிலோ பறித்தது என்றால் பச்சையாக மட்டும் தின்னாதீர்கள், குடல் புழு தொற்றும். ஆலைக் கழிவு கலக்கிற இடத்துக் கீரையைச் சமைத்தும் சாப்பிட வேண்டாம், தண்ணீரில் உள்ள ஈயம், காட்மியம் எல்லாவற்றையும் இது உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

வதக்கவே பொறுமை இல்லாத நாளில் ஆயா, கொதிக்கிற தண்ணீரில் கீரையை ஒரு நிமிடம் போட்டு எடுத்து, மீன் சாஸும் பூண்டும் தொட்டுக்கொண்டு சோற்றோடு சாப்பிடுவார். அந்தத் தண்ணீரைக் கொட்டமாட்டார், ஒரு தக்காளியை நசுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, அதுவே சூப். ஊருக்குப் போனபோது அதை ரசம் என்று சொல்லி அப்பாவுக்குக் கொடுத்தேன், "மிளகு போட மறந்துட்டியா?" என்று மட்டும் கேட்டார்.