மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வரலாறு என்ன? அங்கே மாணவர்களுக்கென்று தனி வழக்கங்கள் ஏதும் உண்டா?

நான் அங்கே தமிழியற்புலத்தில் முதுகலை படித்தவன். இரண்டு வருடம் விடுதிவாசி. சொந்த ஊர் ஆண்டிபட்டிப் பக்கம். தேனி ரோட்டில் மதுரைக்குப் போகும் பஸ்ஸில் ஊருக்குள் நுழைவதற்கு முன்பே பல்கலை நகரில் இறங்கிவிடுவேன். அதனால் எனக்கு மதுரை என்றாலே முதலில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் நிற்கும் நாகமலைதான், அப்புறம்தான் கோபுரம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1966இல் 'மதுரைப் பல்கலைக்கழகம்' என்ற பெயரில் தொடங்கியது. அதுவரை தென்மாவட்டக் கல்லூரிகள் எல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் இருந்தன. 1978இல் காமராசர் பெயர் சேர்ந்தது. ஒரு காலத்தில் கன்னியாகுமரி வரை இதன் எல்லை. 1990இல் நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தபின் தெற்குப் பகுதி பிரிந்துபோனது.

எனக்கு இதில் பெருமையான விஷயம் வேறு. முதல் துணைவேந்தர் தெ.பொ.மீனாட்சிசுந்தரனார். அடுத்து 1971இல் வந்தவர் மு.வரதராசனார். 1974இல் இறக்கும் வரை அந்தப் பதவியில் இருந்தார். 1979இல் வ.சுப.மாணிக்கம். தொடங்கிய பதினாறு வருடத்துக்குள் மூன்று தமிழ்ப் பேராசிரியர்கள் ஒரு பல்கலைக்கழகத்தையே நடத்தியிருக்கிறார்கள். தமிழ் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் நான் இந்த மூன்று பேரைத்தான் பதிலாகச் சொல்வேன். நாங்கள் உட்கார்ந்து படித்தது தெ.பொ.மீ. பெயரில் உள்ள நூலகத்தில்.

அஞ்சல்வழிக் கல்வியையும் சொல்லாமல் விடக் கூடாது. எங்கள் சித்தி கல்யாணத்துக்குப் பிறகு, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இங்கேதான் தபாலில் பி.ஏ. முடித்தார். பழுப்பு உறையில் பாடப் புத்தகங்கள் வரும். அடுப்படியில் அரிசிப்பானை மேல் வைத்துப் படிப்பார். தென்மாவட்டத்தில் இப்படி ஒரு சித்தியோ அத்தையோ இல்லாத வீடு குறைவு என்றே நினைக்கிறேன்.

சரி, வழக்கங்களுக்கு வருகிறேன். பொங்கலுக்கு முன்னால் விடுதியில் பானை வைப்பது, சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ராத்திரியே கூட்டமாகக் கிளம்பி வைகைக் கரையில் விடிய விடிய நிற்பது, இதெல்லாம் மதுரையில் எந்த விடுதியிலும் உண்டு. எங்கள் செட்டுக்கென்று இருந்தது சமணர் மலை.

புதிதாகச் சேர்ந்தவர்களை முதல் மாதத்துக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சீனியர்கள் அங்கே கூட்டிப்போவார்கள். விடியுமுன் கிளம்பி, தேனி ரோட்டிலிருந்து தெற்கே பிரிந்து கீழக்குயில்குடிக்கு நடை. தாமரைக் குளம், பெரிய ஆலமரம், அய்யனார் கோவில். அங்கே உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, பேச்சிப்பள்ளத்துக்கு ஏற வேண்டும். பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், அதாவது சமணர்கள் வணங்கும் ஞானிகளின் சிற்பங்கள். இறங்கி மலையைச் சுற்றிப் போனால் செட்டிப்புடவு என்ற குகை. குகைக்கு வெளியே பெரிய தீர்த்தங்கரர் திருமேனி ஒன்று அமர்ந்திருக்கும். அதன் கீழே வட்டெழுத்தில், அதாவது தமிழின் பழைய எழுத்துமுறை ஒன்றில், ஒரு கல்வெட்டு.

என்னைக் கூட்டிப்போன அண்ணன் உசிலம்பட்டிக்காரர், முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்து, ஒவ்வோர் எழுத்தாகக் காட்டினார். எனக்கு முதலில் எல்லாம் ஒரே சுழியாகத்தான் தெரிந்தது. குறண்டியைச் சேர்ந்த ஒரு பட்டாரகர் (சமணத் துறவி), அவர் மாணாக்கர் குணசேன தேவர், அவர் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள், குயில்குடி ஊரார் பேரால் செய்வித்த திருமேனி என்பது அந்தக் கல்வெட்டின் செய்தி. ஏறக்குறைய ஆயிரத்து நூறு வருடப் பழசு.

"தம்பி, இந்தச் சொல்லை மட்டும் நீயே படி" என்று விரலை ஓர் இடத்தில் நீட்டினார். தாளையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்து, கால் மணி நேரம் கழித்துப் படித்துவிட்டேன். மாணாக்கர். எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். அதுவரை படிப்பு என்பது வேறு யாருக்கோ உரியது, நான் இடையில் புகுந்துவிட்டேன் என்ற கூச்சம் உள்ளுக்குள் இருந்தது. ஆசிரியர் பெயர், அவர் மாணவர் பெயர், அந்த மாணவருக்கு மாணவர் பெயர் என்று பாறையில் வரிசையாக இருந்ததைப் பார்த்த அன்று அது போய்விட்டது. சிலை செய்வித்த பெயர் ஊராருக்கு என்பதும் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அடுத்த வருடம் நான் மூன்று பேரைக் கூட்டிப்போனேன். அதே தாளின் நகல்தான், அதே சொல்தான்.

இப்போது அங்கே சேர்ந்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். தண்ணீர் எடுத்துப் போங்கள். எழுத்து நன்றாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணாம்பு, சாக்பீஸ் எதையும் தேய்க்காதீர்கள். பாறையில் தங்கள் பெயரைக் கிறுக்கும் யாரையாவது பார்த்தால், சண்டை வந்தாலும் பரவாயில்லை, தடுத்துவிடுங்கள்.