ஸ்கையும் டிஎன்டியும் மோதிக்கொள்கின்றன, என் பில் ஏன் இறங்கவில்லை?

கேள்வி: பிரிட்டனில் இருக்கிறேன். மகன் ஆர்சனல் கால்பந்து அணியின் ரசிகன். அவனுக்காக ஸ்கை ஸ்போர்ட்ஸ் என்ற கட்டண சேனலை வைத்திருக்கிறோம். அப்படியும் "இந்த மேட்ச் டிஎன்டியில்தான் வரும்" என்று பாதி வாரம் புலம்புகிறான். இரண்டு கம்பெனிகள் போட்டி போட்டால் விலை குறைய வேண்டாமா? ஸ்கை ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கிறது. கொஞ்சம் காத்திருந்தால் மலிவாகக் கிடைக்குமா? இதற்கிடையே தெரிந்த ஒருவர் டிவியோடு இணைக்கிற ஒரு பெட்டி தருகிறேன் என்கிறார். வருடத்துக்கு 60 பவுண்டு, எல்லா மேட்சும் வருமாம். "ஐரோப்பிய நீதிமன்றமே சரி என்று சொல்லிவிட்டது" என்றும் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: காத்திருந்தால் குறையாது. அந்தப் பெட்டியை வாங்க வேண்டாம். ஸ்கை ஒப்பந்தத்தை யோசிக்காமல் அப்படியே புதுப்பிக்கவும் வேண்டாம். இனி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

போட்டி என்றதும் ஒரே தெருவில் இரண்டு மளிகைக்கடை இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். ஒருவர் பருப்பு விலையைக் குறைத்தால் மற்றவரும் குறைப்பார். கால்பந்து ஒளிபரப்பு உரிமை அப்படிப்பட்ட வியாபாரமே இல்லை. இது ஊர்க் குளத்தில் மீன் பிடிக்கக் குத்தகை எடுக்கிற மாதிரி. ஏலத்துக்கு எத்தனை பேர் வருகிறார்களோ அவ்வளவுக்குக் குத்தகைத் தொகை ஏறும். எடுத்தவர் அந்தப் பணத்தை மீன் விலையில் வைத்துத்தான் எடுப்பார். ஸ்கையும் டிஎன்டியும் போட்டி போடுவது உங்கள் முன்னால் அல்ல, உரிமையை ஏலம் விடுகிற பிரீமியர் லீக் (இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்து லீக்) முன்னால். ஏலம் முடிந்துவிட்டால் ஒரு மேட்சுக்கு ஒரே கடைதான். அந்தக் கடை பிடிக்கவில்லை என்று பக்கத்துக் கடைக்குப் போக முடியாது, ஏனென்றால் பக்கத்துக் கடையில் அந்த மேட்ச் இல்லை.

கணக்கைப் பாருங்கள். 2010 முதல் 2013 வரையிலான மூன்று சீசன்களுக்கு பிரிட்டன் நேரலை உரிமை ஏறக்குறைய 177 கோடி பவுண்டுக்குப் போனது. அடுத்த ஏலத்தில் பிடி (BT) என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் உள்ளே வந்தது, தொகை 302 கோடி ஆனது. அதற்கடுத்து 2015-இல் நடந்த ஏலத்தில் 513 கோடி. மேட்ச் ஒன்றுக்கு 43 லட்சத்தில் ஆரம்பித்து ஒரு கோடியைத் தாண்டியது. போட்டியாளர் வந்ததால் விலை ஏறியது, இறங்கவில்லை. பிடி ஸ்போர்ட்ஸ் 2013-இல் தொடங்கியபோது அவர்களுடைய பிராட்பேண்ட் வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள், உண்மைதான். அது பிராட்பேண்ட் பிடிக்கப் போட்ட தூண்டில் புழு. அந்த பிடி ஸ்போர்ட்ஸ்தான் இப்போது பெயர் மாறி டிஎன்டி ஸ்போர்ட்ஸ் ஆகியிருக்கிறது. உங்களிடம் தனியாகக் காசு கேட்பதும் அதுதான்.

இதில் என் பொறுமையைச் சோதிக்கிற விஷயம் ஒன்று உண்டு. பிரீமியர் லீக் 1992-இல் ஆரம்பித்ததிலிருந்து 2007 வரை நேரலை முழுக்க ஸ்கையிடம்தான் இருந்தது. ஏகபோகம் கூடாது என்று ஐரோப்பிய ஆணையம் தலையிட்டது. ஏலத்துக்கு வரும் எல்லா மேட்ச் தொகுப்பையும் ஒரே நிறுவனம் வாங்கக் கூடாது என்று 2006-இல் ஏற்பாடு ஆனது. எல்லாம் நுகர்வோர் நலனுக்காகத்தான். நடந்தது என்ன? செட்டான்டா என்ற நிறுவனம் வந்து சீசனுக்கு 46 மேட்ச் எடுத்தது. ஸ்கைக்குக் கட்டியவர்கள் செட்டான்டாவுக்கும் கட்டினார்கள். 2009 ஜூனில் செட்டான்டா திவாலானது. அந்த மேட்சுகள் இஎஸ்பிஎன்னுக்குப் போயின, பிறகு பிடிக்கு, இப்போது டிஎன்டிக்கு. நடுவில் 2019 முதல் 2025 வரை அமேசானும் சீசனுக்கு 20 மேட்ச் எடுத்து மூன்றாவது பில்லைச் சேர்த்தது. ஒரே மேட்சை இரண்டு பேர் விற்கலாம் என்று விதி போட்டிருந்தால் அது போட்டி. மேட்சுகளைப் பங்கு பிரித்து ஆளுக்கு ஒரு ஏகபோகம் கொடுத்துவிட்டு அதைப் போட்டி என்கிறார்கள். ஒளிபரப்புத் துறையைக் கண்காணிக்கிற அமைப்பான ஆஃப்காமும் ஸ்கையின் முக்கிய விளையாட்டு சேனல்களை மற்றவர்களுக்கு மொத்த விலையில் தர வேண்டும் என்று 2010-இல் உத்தரவு போட்டது. வருடக்கணக்கில் வழக்கு நடந்தது. 2015-இல் அவர்களே உத்தரவை எடுத்துவிட்டார்கள். இடையில் நாம் பில் கட்டிக்கொண்டே இருந்தோம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இப்போதைய உரிமை ஒப்பந்தம் 2025-26 சீசனில் தொடங்கி 2028-29 வரை, நான்கு ஆண்டுகளுக்கு. மொத்தம் 670 கோடி பவுண்டு. ஸ்கைக்கு சீசனுக்குக் குறைந்தது 215 மேட்ச், டிஎன்டிக்கு 52. ஆக, இரண்டு மாதம் காத்திருந்தால் எதுவும் மாறாது. 2029 வரை யார் கையில் எந்த மேட்ச் என்பது முடிவான விஷயம். மேட்ச் எண்ணிக்கை கூடியதால் ஒரு மேட்சின் அடக்க விலை 2015 ஏலத்தைவிடக் குறைந்திருக்கிறது. அது உங்கள் பில்லில் வந்து சேரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

டிஎன்டியின் மேட்சுகள் பெரும்பாலும் சனிக்கிழமை மதியம் 12.30 மணிக்கு வருபவை. மகனை உட்கார வைத்து, போன சீசனில் ஆர்சனல் ஆடிய 38 லீக் மேட்சில் எத்தனை ஸ்கையில் வந்தன, எத்தனை டிஎன்டியில் வந்தன என்று எழுதச் சொல்லுங்கள். அதில் அவன் உண்மையிலேயே உட்கார்ந்து பார்த்தவை எத்தனை என்று பக்கத்தில் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது எண்தான் உங்களுக்கு வேண்டியது. சாம்பியன்ஸ் லீக்கும் வேண்டும் என்றால் கணக்கு வேறு. 2027 வரை அதில் பெரும்பகுதி டிஎன்டியிடம், செவ்வாய்க்கிழமையின் முக்கிய மேட்ச் அமேசானிடம். அந்த நிலையில் டிஎன்டியைத் தவிர்ப்பது கஷ்டம். லீக் மட்டும் போதும் என்றால், 12.30 மேட்சை பிபிசியின் இரவுச் சுருக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். பையன் ஒத்துக்கொள்ள மாட்டான், அது வேறு விஷயம்.

ஸ்கையை 24 மாத ஒப்பந்தமாக எடுத்தால் சீசன் இல்லாத ஜூன், ஜூலையிலும் கட்டுகிறீர்கள், இரண்டு கோடைக்கும். மாத ஒப்பந்தமாகவோ நாள் கணக்கிலோ கிடைக்கிற நவ் (NOW) என்ற இணையச் சேவையில் அதே ஸ்கை சேனல்கள் வருகின்றன. மாதக் கட்டணம் பார்க்க அதிகமாகத்தான் தெரியும். வருடத்துக்கு எத்தனை மாதம் கட்டுவீர்கள் என்று பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். உலகக் கோப்பை நடக்கிற கோடையில் விளையாட்டுச் சந்தாவே தேவையில்லை. உலகக் கோப்பை, யூரோ கோப்பை இறுதிச் சுற்றுகளையும் எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டத்தையும் இலவச சேனலில் காட்ட வழி இருக்க வேண்டும் என்பது 1996 ஒளிபரப்புச் சட்டத்தின்படி நடக்கிற ஏற்பாடு.

இப்போது அந்தப் பெட்டி. என்னிடம் வருகிற புகார்களில் பாதி இந்தப் பெட்டிகளைப் பற்றியதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரீமியர் லீக்கில் ஒரு சீசனுக்கு 380 மேட்ச். ஸ்கை, டிஎன்டி இரண்டையும் கூட்டினால் 267. மீதி நூற்றுச் சொச்சம் மேட்சுகள் சனிக்கிழமை மாலை 3 மணி ஆட்டங்கள். அவற்றை பிரிட்டனில் யாரும் நேரலையில் காட்டக் கூடாது. சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை தடை. கீழ்ப்பிரிவு அணிகளின் மைதானங்களில் கூட்டம் குறையக் கூடாது என்று 1960-களிலிருந்து இருக்கிற ஏற்பாடு அது. நீங்கள் ஸ்கைக்கு எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் அந்த மேட்ச் வராது. ஆகவே, "எல்லா மேட்சும் வரும்" என்று யாராவது சொன்னால், வேறு விசாரணையே வேண்டாம். அந்த ஒரு வாக்கியமே போதும், அது திருட்டு ஒளிபரப்பு. வெளிநாட்டு சேனலின் சிக்னலை எடுத்து யாரோ ஒருவர் ஒரு சர்வர் வழியாக உங்களுக்கு அனுப்புகிறார்.

"வாங்குபவருக்கு ஒன்றும் ஆகாது" என்பார்கள். 1988 பதிப்புரிமைச் சட்டத்திலேயே, கட்டணத்தைத் தவிர்க்கும் நோக்கத்தோடு நேர்மையற்ற முறையில் நிகழ்ச்சியைப் பெறுவது குற்றம் என்று தனிப் பிரிவு இருக்கிறது. விற்பவர்கள் பாடு இன்னும் மோசம். 2023-இல் பிரீமியர் லீக் தொடுத்த வழக்கில் ஐந்து பேருக்கு மொத்தம் 30 ஆண்டுகளுக்கு மேல் சிறை. 50,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களிடம் மாதம் 10 பவுண்டு வாங்கியவர்கள் அவர்கள். உங்களுக்குத் தெரிந்தவர் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. மேலே இருக்கிறவனை அவரே பார்த்திருக்க மாட்டார். நவம்பரில் படம் நின்றுவிட்டால், "சர்வர் வேலை நடக்கிறது" என்பார். ஜனவரியில் போனை எடுக்க மாட்டார். உங்கள் 60 பவுண்டுக்கு ரசீது இல்லை, புகார் செய்ய இடமில்லை. கார்டு விவரம் கொடுத்திருந்தால் கவலை வேறு. மேட்ச் நேரத்தில் மட்டும் இந்தப் பெட்டிகள் உறைந்து நிற்பதற்கும் காரணம் இருக்கிறது. 2017-இல் உயர் நீதிமன்றம் கொடுத்த உத்தரவின்படி, பெரிய இணைய நிறுவனங்கள் மேட்ச் நடக்கும்போதே திருட்டு சர்வர்களை அடைக்கின்றன. ஏலத்தில் ஒருவரையொருவர் அடித்துக்கொண்ட ஸ்கையும் பிடியும் இந்த அடைப்பு வேலையில் மட்டும் ஒரே பக்கம்.

அந்த "ஐரோப்பிய நீதிமன்றம்" கதைக்கு வருகிறேன். இது முழுப் பொய்யில்லை, அதனால்தான் ஆபத்து. போர்ட்ஸ்மவுத்தில் பப் நடத்திய கேரன் மர்ஃபி, ஸ்கைக்குக் கட்டுப்படியாகாமல் கிரேக்க நிறுவனத்தின் டிகோடர் கார்டு (கட்டண சேனலைத் திறக்கிற கார்டு) வாங்கி பிரீமியர் லீக் மேட்சுகளைக் காட்டினார். அபராதம் விழுந்தது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2011 அக்டோபரில் தீர்ப்பு: ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றில் முறைப்படி விற்ற கார்டை இன்னொரு ஒன்றிய நாட்டில் பயன்படுத்தக் கூடாது என்று தடுப்பது நாடுகளுக்கிடையே சேவைகளை விற்கும் சுதந்திரத்துக்கு விரோதம். 2012-இல் லண்டன் உயர் நீதிமன்றம் அவர் மேல் இருந்த தண்டனையை நீக்கியது. பெட்டி விற்பவர்கள் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். அதே தீர்ப்பில், பிரீமியர் லீக்கின் பாட்டு, சின்னம், திரையில் வரும் வரைகலை ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு, பப்பில் பொதுமக்களுக்குக் காட்ட அனுமதி வேண்டும் என்றும் இருக்கிறது. இன்னும் முக்கியம், அந்தம்மாள் காசு கொடுத்து வாங்கியது உரிமை பெற்ற ஒரு நிறுவனத்தின் உண்மையான கார்டு, திருட்டு ஒளிபரப்பு அல்ல. அப்புறம், பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறி, இடைக்கால ஏற்பாடும் 2020 டிசம்பரோடு முடிந்தது. தீர்ப்பு நின்ற தரையே இப்போது இங்கே இல்லை. ஆக, உங்களுக்குப் பெட்டி தருகிறவருக்கும் அந்த வழக்குக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதே கதையை அவர் திரும்பச் சொன்னால், "அந்தக் கார்டை விற்ற கிரேக்க கம்பெனியின் ரசீதைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. "உங்கள் ஸ்கை பெட்டியின் பாதுகாப்புத் திட்டம் முடியப் போகிறது, கார்டு நம்பர் சொல்லுங்கள்" என்று போனில் வருவார்கள். பேரும் விலாசமும் சரியாகவே சொல்வார்கள். பேசாமல் வைத்துவிட்டு, பில்லில் இருக்கிற எண்ணுக்கு நீங்களாகவே கூப்பிடுங்கள். ஸ்கையும் டிஎன்டியும் ஒரே பில்லில் வருகிற ஏற்பாடு உண்மையிலேயே இருக்கிறது, 2017 டிசம்பரில் இரு தரப்பும் செய்துகொண்ட உடன்பாட்டின் பலன் அது. ஆனால் ஒரே பில் என்றால் ஒரே ஒப்பந்தம் என்று அர்த்தமில்லை. டிஎன்டிக்கு ஒரு முடிவுத் தேதி, ஸ்கைக்கு வேறொன்று என்று இருக்கலாம். நானே ஒரு நிறுவனத்தில் இப்படி மாட்டி, ஒன்றை நிறுத்திவிட்டு மற்றொன்றுக்கு ஏழு மாதம் கட்டியிருக்கிறேன்.

டிவி லைசன்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நேரலை எதைப் பார்த்தாலும், அமேசானில் பார்த்தாலும்கூட, அது வேண்டும்.

உங்கள் ஒப்பந்தம் முடிகிற சரியான தேதியை இந்த வாரமே ஸ்கையிடம் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். போனில் சொன்னதை நம்பி இருக்க வேண்டாம். முடிகிற தேதிக்கு ஒரு மாதம் முன்பே, நிறுத்தப் போகிறேன் என்று சொல்லிவிடுங்கள். உடனே விலையைக் குறைத்து ஒரு ஆஃபர் சொல்வார்கள். அப்போதே தலையாட்ட வேண்டாம். மொத்த மாதங்கள் எத்தனை, நடுவில் எவ்வளவு ஏறும் என்று எழுத்தில் கேளுங்கள். அதை மகன் போட்ட கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போனில் ஒத்துக்கொண்ட பிறகு மனம் மாறினால், ரத்து செய்ய 14 நாள் அவகாசம் உண்டு. போனில் பேசுகிறவர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார்.