வயோமிங்கா, யூட்டாவா?

மேற்கு அமெரிக்காவில் பெண்கள் முதலில் வாக்களித்த மாநிலம் எது என்ற வினாவுக்கு ‘யூட்டா’ என்றெழுதி உங்கள் மகள் மதிப்பெண் இழந்ததாகச் சொல்கிறீர்கள். நியாயம் அவள் பக்கம்தான்.

சட்டத்தில் முந்தியது வயோமிங்: 1869 டிசம்பர் 10. யூட்டாவில் சட்டம் வந்தது 1870 பிப்ரவரி 12 அன்று. ஆனால் இரண்டே நாளில் சால்ட் லேக் சிட்டியில் நகராட்சித் தேர்தல். செராஃப் யங் என்ற 23 வயது ஆசிரியை, பள்ளிக்குப் போகிற வழியில் வாக்கைப் போட்டுவிட்டு வகுப்பெடுக்கப் போய்விட்டார்! வயோமிங்கின் லாரமி ஊரில் லூயிசா ஸ்வெய்ன் பாட்டி வாக்களிக்கச் செப்டம்பர் 6 ஆகிவிட்டது.

இரண்டுமே அப்போது மாநிலங்கள் அல்ல, ஆட்சிப்பகுதிகள். வினாத்தாள் தயாரித்தவர் அதையும் கவனிக்கவில்லை போலிருக்கிறது. யூட்டா பெண்களின் உரிமையை 1887-இல் அமெரிக்கக் காங்கிரஸ் பறித்ததும், 1896-இல் அது மீண்டதும் தனிக்கதை. தேதிகளைக் குறிப்பிட்டு மறுமதிப்பீடு கேளுங்கள்.