'செக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எப்படி இத்தனை பொருள் வந்தது?

சதுரங்கத்தில் வைக்கிற செக், வங்கிச் செக், செக் சட்டை, கணக்கைச் செக் பண்ணுவது எல்லாமே ஒரே வேர்தான். பாரசீகத்தில் 'ஷா' என்றால் அரசன். ராஜா தாக்கப்படும்போது ஆட்டக்காரர் 'ஷா' என்று சொல்லி எச்சரிப்பார். அந்தச் சொல் அரபு, லத்தீன், பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்தில் 'செக்' ஆனது. செக்மேட் என்பது 'ஷா மாத்'. 'அரசன் இறந்தான்' என்றுதான் பலரும் விளக்குவார்கள். ஆனால் பாரசீகத்தில் 'மாத்' என்றால் செய்வதறியாது நிற்பவன். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது, சதுரங்கத்தில் ராஜாவை வெட்டுவதே இல்லையே.

செக் வைத்தால் எதிராளி இஷ்டத்துக்கு ஆட முடியாது. அதனால் 'தடு, கட்டுப்படுத்து' என்ற பொருள் வந்தது. 'எதிர்க்கட்சிக்குச் செக் வைத்தார்' என்று நாம் சொல்வதும் இதுதான். மோசடியைத் தடுக்கச் சரிபார்க்க வேண்டுமே, அங்கிருந்து 'சரிபார்'. 18ஆம் நூற்றாண்டில், பணச் சீட்டு போலியா என்று ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த அடிக்கட்டைக்குச் செக் என்று பேர். பிறகு அந்தப் பேர் சீட்டுக்கே போய்விட்டது.

கட்டத் துணிக்கு வழி வேறு. சதுரங்கப் பலகையின் பிரெஞ்சுப் பெயரிலிருந்துதான் 'செக்கர்' (கட்டம் போட்ட வடிவம், சுருக்கமாகச் செக்), 'எக்ஸ்செக்கர்' (அரசுக் கருவூலம்) இரண்டும் வந்தன. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வரிக் கணக்கு பார்த்த மேசை சதுரங்கப் பலகை போல இருந்ததால் கருவூலத்துக்கு அந்தப் பேர். மேசை 10 அடி நீளம், 5 அடி அகலம். தொகையைக் குறிக்க வைத்த காய்கள் உருண்டு விழாமல் இருக்க நாலு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. பென்னி, ஷில்லிங், பவுண்டு என்று தனித்தனிப் பத்தி. செலுத்த வேண்டியது ஒரு வரிசையில், செலுத்தியது அதற்குக் கீழே. ரோமன் எண்களில் கழிப்பது பெரும்பாடு, காய்களை நகர்த்தினால் பாக்கி எல்லார் கண்ணுக்கும் தெரியும். பிரிட்டன் நிதியமைச்சர் இன்றும் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்'தான். வங்கிச் செக்கை 'க்யூ' போட்டு எழுதும் பிரிட்டிஷ் வழக்கமும் அந்தச் சொல்லின் தாக்கமே.

இந்தியாவில் வங்கிச் செக்குக்கு 'க்யூ' எழுத்துக்கூட்டுதான் சரி, 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டமும் அப்படித்தான் எழுதுகிறது. மற்றப் பொருள்களுக்கு 'சி-கே'. அமெரிக்காவில் எல்லாவற்றுக்கும் 'சி-கே'. அங்கே ஓட்டலில் செக் கேட்டால் பில் வரும், டிக் அடிப்பதும் செக்தான்.

செக் குடியரசு மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது, அது ஒரு ஸ்லாவிய இனத்தின் பெயர்.