பழைய ஷிராஸ்: ஆண்டைப் பார்ப்பதா, கழுத்தைப் பார்ப்பதா?

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் 1998-ஆம் ஆண்டின் பரோசா ஷிராஸ் (ஷிராஸ் என்ற கருப்புத் திராட்சையில் செய்த சிவப்பு ஒயின்) ஒரு பாட்டில் வைத்திருக்கிறார். நல்ல விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? வாங்கினால் எப்படித் திறப்பது?

பதில்: ஒயின் பழசாகப் பழசாக ருசி கூடும் என்பது விற்பவருக்குத் தோதான நம்பிக்கை. பெரும்பாலான ஷிராஸ் சில வருடங்களுக்குள் குடித்துவிடத்தான் தயாராகிறது. 1998 ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் ஒயினுக்குப் பேர்போன ஆண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் இத்தனை வருடம் அந்தப் பாட்டில் எங்கே கிடந்தது? 13 டிகிரி செல்சியஸ் அளவில், இருட்டில், படுக்கைவாட்டில் என்றால் நம்பலாம். சமையலறை அலமாரியில் நின்றிருந்தால் பாதி விலைக்கும் வேண்டாம்.

பாட்டிலை நிமிர்த்தி வெளிச்சத்தில் பாருங்கள். ஒயின் மட்டம் கழுத்துக்குள்ளோ கழுத்தின் அடியிலோ இருந்தால் சரி. தோளின் நடுவரை இறங்கியிருந்தால் கார்க் வழியே காற்று புகுந்திருக்க வாய்ப்பு அதிகம். மூடியோரம் கசிந்த பிசுபிசுப்பும் நல்லதல்ல. லேபிள் கறைபட்டிருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், ஈரமான நிலவறையில் கிடந்த பாட்டில் அப்படித்தான் இருக்கும்.

பென்ஃபோல்ட்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஒயின் நிறுவனத்தின் பாட்டிலாக இருந்தால் பின்பக்கத்தையும் பாருங்கள். 15 வயது தாண்டிய தங்கள் சிவப்பு ஒயின்களைச் சோதித்து, தேவைப்பட்டால் கார்க் மாற்றித் தரும் முகாம்களை அவர்கள் 1991-இல் தொடங்கினார்கள். அதில் தேறிய பாட்டிலில் சான்று ஒட்டியிருக்கும்.

கார்க் கெட்டிருந்தால் பணம் திரும்புமா என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். திறந்தபின் பேசினால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

சரி, வாங்கியாயிற்று. திறப்பதற்கு ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் இறங்கட்டும். வண்டல் கெடுதல் செய்யாது, வாயில் நறநறக்கும், அவ்வளவே. பழைய கார்க் உதிரும். சுருள் திறப்பானைவிட, இரண்டு தகடுகள் உள்ள திறப்பான் இதற்கு நல்லது. கழுத்துக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்து மெல்ல ஊற்றுங்கள், கலங்கல் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

இளம் ஒயின் மாதிரி மணிக்கணக்கில் காற்றாட விடாதீர்கள். இந்த வயதில் மணம் சீக்கிரம் போய்விடும். ஊற்றிய ஒயினின் ஓரம் செங்கல் நிறமாக இருக்கும், பதனிட்ட தோல், புகையிலை, உலர்ந்த பழம் என வாசம் எல்லாம் வரும். பழச்சாறு போன்ற துடிப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். திறந்ததும் கொஞ்சம் பூஞ்சை வாடை அடித்தால் கொட்டிவிட வேண்டாம், பத்து நிமிடம் பொறுங்கள், பெரும்பாலும் விலகிவிடும். நனைந்த அட்டைப்பெட்டி வாசமாக இருந்து, நேரம் ஆக ஆகக் கூடினால் கார்க் கெட்டது என்று அர்த்தம். அது போகாது.