வரலாற்றுப் போர் விளையாட்டுக்கான சிறு பொம்மைப் படைக்கு வண்ணம் தீட்டவும் பேஸ் அமைக்கவும் எங்கிருந்து தொடங்குவது?

"15 மி.மீ. உயரப் பொம்மைகளில் ஒரு படை சேர்க்க ஆசை. இருநூறு பொம்மைகளுக்கு வண்ணம் அடித்து முடிக்க முடியுமா? பேஸை எப்போது, எப்படிச் செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மண்ணிலிருந்து தொடங்குங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முதல் பொம்மையில் முதல் சொட்டு வண்ணம் விழுவதற்கு முன்பே, இந்தப் படை எந்த ஊர் மண்ணில், எந்த மாதத்தில் நிற்கிறது என்று முடிவு செய்துவிடுங்கள். அதைச் செய்யாமல் இறங்கி, வண்ணம் அடித்து முடித்த முப்பத்தாறு பொம்மைகளைக் கத்தி வைத்துப் பேஸிலிருந்து, அதாவது அவற்றை ஒட்டி நிறுத்தும் அடித்தட்டிலிருந்து, பெயர்த்தெடுத்த ஆள் நான்.

என் படை அசாயே போருக்கானது. 1803 செப்டம்பர் 23 அன்று, இன்றைய மகாராஷ்டிராவின் ஜால்னா மாவட்டத்தில் நடந்த போர். ஒரு பக்கம் பிரிட்டிஷ் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர்தான். எதிரில் மராட்டிய ஆட்சியாளர்களான சிந்தியா, நாக்பூர் போன்ஸ்லே இருவரின் கூட்டுப்படை. நான் இதைத் தேர்ந்தெடுக்க இரண்டு காரணம். வெல்லெஸ்லியின் ஏழு காலாட்படைப் பட்டாலியன்களில் ஐந்து மதராஸ் சிப்பாய்கள். குதிரைப்படை ரெஜிமென்ட் நான்கில் மூன்று மதராஸ் குதிரைப்படை. இன்னொன்று, படை சின்னது. ஒரு மனிதன் ஒரு வாழ்நாளுக்குள் வண்ணம் அடித்துவிடலாம். பட்டாலியனுக்கு 24 பேர், குதிரைப்படை ரெஜிமென்ட்டுக்கு 12 பேர் என்று கணக்குப் போட்டால் மொத்தம் 216 பொம்மைகள், கூடவே மூன்று பீரங்கிகள். எனக்கு வார இறுதிகளில் மட்டும் உட்கார்ந்து பதினான்கு மாதம் ஆனது. ஆக, முடியும்.

15 மி.மீ. நல்ல தேர்வுதான். 28 மி.மீ. பொம்மை கையில் எடுத்துப் பார்க்க அழகு, ஆனால் இருநூறு என்றால் இடுப்பு ஒடியும். 6 மி.மீட்டரில் படை பெரிதாகத் தெரியும், ஆள் தெரியாது. பேஸ் அகலத்தை மட்டும் நீங்களாக முடிவு செய்யாதீர்கள். யாரோடு விளையாடப் போகிறீர்களோ அவர்களிடம் கேட்டு அதையே வையுங்கள். 15 மி.மீ. பொம்மைக்கு 40 மி.மீ. அகலம் என்பது பழைய வழக்கம், என்னுடையதும் அதுதான். ஒரு பேஸில் முன்னால் மூன்று பேர், பின்னால் மூன்று பேர். கிழக்கிந்தியக் கம்பெனிப் படை இரண்டு வரிசையாக நின்று சுட்ட படை என்பதால் அதுவும் பொருந்தி வந்தது.

வண்ணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. பொம்மையைச் சோப்பு நீரில் கழுவுங்கள், அச்சு ஒட்டிய கோடுகளைச் சுரண்டுங்கள், ஐஸ்கிரீம் குச்சியில் ஆறு ஆறாக ஒட்டி பிரைமர் (வண்ணம் பிடிக்க அடிக்கும் முதல் பூச்சு) அடியுங்கள். ஒரே நேரத்தில் 24 பேருக்கு மேல் எடுக்காதீர்கள். எடுத்தால் நாற்பதாவது துப்பாக்கிக்கு வரும்போது இந்தப் பொழுதுபோக்கே வெறுத்துவிடும். உள்ளிருந்து வெளியே போவது எளிது: முதலில் தோல், பிறகு உடை, பிறகு வார்ப்பட்டை, கடைசியில் துப்பாக்கி. 000 என்று மூன்று சுழி நம்பர் போட்ட ஊசி பிரஷ் வேண்டாம். அதில் வண்ணம் முனைக்கு வருவதற்குள் காய்ந்துவிடும், நம் வெயிலில் கேட்கவே வேண்டாம். முனை கூராக நிற்கும் 1ஆம் நம்பர் போதும். டிபன் டப்பாவில் ஈர ஸ்பாஞ்சு, அதன்மேல் பட்டர் பேப்பர், அதன்மேல் வண்ணம். வண்ணம் சீக்கிரம் காயாது என்பதால் இது ஒன்றே பாதிக் காசை மிச்சம் பிடிக்கும்.

சிவப்புச் சீருடைக்கு ஒரு வார்த்தை. கறுப்பு பிரைமர் மேல் நேராகச் சிவப்பு அடித்தால் நாலு கோட் அடித்தாலும் பிடிக்காது. செம்பழுப்பு அடித்து அதன்மேல் சிவப்பு. வெளிச்சம் விழும் இடத்துக்குச் சிவப்பில் வெள்ளை கலக்காதீர்கள், ரோஸ் நிறம் ஆகிவிடும். கொஞ்சம் ஆரஞ்சு கலந்தால் சரி. மீதி இரண்டு பட்டாலியன்களும் பிரிட்டிஷ் ரெஜிமென்ட்டுகள்: 78ஆவது ஹைலேண்டர்ஸுக்குக் கழுத்துப்பட்டியும் கைமடிப்பும் வெளிர்மஞ்சள் கலந்த தோல் நிறம், 74ஆவதுக்கு வெள்ளை. மூன்றடி தூரத்தில் இந்த இரண்டு பட்டாலியன்களையும் பிரித்துக் காட்டுவது இந்தச் சின்னப் பட்டைகள்தான்.

முகம் வந்ததும் எல்லோரும் கேட்பது, "கண் வரையணுமா?" 15 மி.மீ. பொம்மையில் முகமே இரண்டு மி.மீ. அகலம். கண் வைத்தால் பேய் பார்த்தவன் மாதிரி முழிப்பான். விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக நான் மதராஸ் சிப்பாய்கள் சிலருக்கு நெற்றியில் ஒரு வெளிர் புள்ளியோ கோடோ வைத்தேன். சமயக் குறி வைக்கக் கூடாது, காதணி போடக் கூடாது, தாடி கூடாது, புது மாதிரித் தலைப்பாகை போட வேண்டும் என்ற உத்தரவெல்லாம் 1805 கடைசியில்தான் வருகிறது. அதன் விளைவு 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டை. என் சிப்பாய்கள் அந்த உத்தரவுக்கு இரண்டு வருடம் முந்தியவர்கள். திருநீறோடும் நாமத்தோடும்தான் நிற்பார்கள். தோல் நிறத்துக்கும் ஒரே பழுப்பை எல்லோருக்கும் பூசாதீர்கள். மூன்று பழுப்பு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அடியுங்கள். 'சதை நிறம்' என்று லேபிள் ஒட்டி வரும் குப்பி யாருடைய சதை என்று திறந்து பார்த்தால் தெரியும்.

சரி, இனி பேஸ்.

முதலில் நான் செய்தது இதுதான்: இணையத்தில் ஐரோப்பியர்கள் செய்வதைப் பார்த்து, பழுப்பு மண், பச்சைப் பசேல் புல், நடுவில் சின்ன மஞ்சள் பூ. முப்பத்தாறு சிப்பாய்கள் முடிந்ததும் மேசையில் வைத்துப் பார்த்தேன். மதராஸ்காரர்கள் பெல்ஜியத்துக்குச் சுற்றுலா போன மாதிரி இருந்தது. அசாயே தக்காணத்தில், கைல்னா, ஜுவா என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருக்கும் ஊர். எரிமலைக் குழம்பு இறுகிய கறும்பாறை, அது தேய்ந்து உண்டான கரிசல் மண். அத்தனையும் பெயர்த்தெடுத்தேன்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். கரிசலுக்கா பஞ்சம்? ஊருக்குப் போனபோது ஒரு பை அள்ளி வந்து, இடித்து, டீ வடிகட்டியில் சலித்து, ஃபெவிகாலில் குழைத்து, 2 மி.மீ. எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை) பேஸில் பூசினேன். பெருமை தாங்கவில்லை. மூன்றாம் நாள் பார்த்தால் பொம்மைகளின் காலைச் சுற்றி வெடிப்பு. ஓரம் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. பேஸே அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. கரிசலில் இருக்கும் களி ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும் மண்ணில் விளையாடி வளர்ந்தவனுக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

இரண்டாவது முயற்சியில் சலித்த ஆற்றுமணல், சுவருக்கு அடிக்கும் புட்டி, ஃபெவிகால். வெடிக்கவில்லை. ஆனால் கரிசல் என்றால் கறுப்பு என்று கறுப்பையே அடித்தேன். எல்லோரும் தார் ரோட்டில் நின்றார்கள், செருப்பணிந்த கால்கள் மறைந்தே போயின. அப்புறம்தான் புரிந்தது: பொருள் சின்னதானால் நிறம் அடர்த்தியாகத் தெரியும். நிஜ மண்ணின் நிறத்தை அப்படியே அடித்தால் பொம்மைக்கு அது அதிகம். இரண்டு படி வெளுக்க வேண்டும். இப்போது நான் செய்வது: அடர் பழுப்பில் கொஞ்சம் கறுப்பு கலந்து முழுக்க அடித்து, காய்ந்ததும் சாம்பல் பழுப்பை பிரஷில் தொட்டு, துணியில் முக்கால்வாசி துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் உலர்வாகத் தேய்ப்பது. கடைசியாகக் கல்முனைகளில் மட்டும் வெளிர் சாம்பல். மண் கறுப்பாகவும் தெரிகிறது, காலும் தெரிகிறது.

செப்டம்பர் கடைசி என்பதால் மழை முடியும் நேரம். ஆகவே காய்ந்த மஞ்சள் புல்லும் தப்பு. ஈரப் பச்சைப் புல் கொத்து பேஸுக்கு இரண்டு, ஒரு மூலையில் ஒன்றும் நடுவில் ஒன்றும், மற்றதெல்லாம் வெறும் மண். வெறும் மண்ணாகவே விட்டுவிடப் பயப்படாதீர்கள். புல்லை முழுக்கப் போர்த்தினால் நீங்கள் பட்ட பாடெல்லாம் அதன் அடியில் போய்விடும். பேஸின் பக்க ஓரம் எல்லாவற்றுக்கும் ஒரே பழுப்பு. அது ஒன்றுதான் தனித்தனி 36 பேஸை ஒரே படையாக்குகிறது. சில பேர் காய்ந்த டீத்தூளைச் சருகாகப் போடச் சொல்வார்கள். நானும் போட்டேன், ஐப்பசி மழையில் பூஞ்சை பிடித்தது. தென்னை நாரை நறுக்கிப் போட்டதற்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

பேஸ் முடிந்த பிறகுதான் வார்னிஷ். இதிலும் ஒரு முறை சூடுபட்டேன். சென்னையில், நவம்பரில், மழை விட்ட ஒரு மாலையில் மொட்டை மாடியில் ஸ்பிரே வார்னிஷ் அடித்தேன். காற்றில் இருந்த ஈரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு 78ஆவது ஹைலேண்டர்ஸ் முழுக்கப் பனி படர்ந்த மாதிரி வெளுத்துவிட்டார்கள். பளபளப்பு வார்னிஷை பிரஷால் ஒரு கோட் கொடுத்ததில் வெளுப்பு போனது, பிறகு அதன்மேல் பளபளப்பில்லாததை மறுபடி, அதையும் பிரஷாலேயே. நீங்கள் கடலோர ஊர் என்றால் ஸ்பிரே டப்பாவைப் பங்குனி சித்திரைக்கு எடுத்து வையுங்கள்.

இப்போது எதிர்ப்படையில் இருக்கிறேன். மராட்டியக் குதிரைப்படைக்குச் சீருடை கிடையாது என்பதால் இஷ்டத்துக்கு நிறம் அடிக்கலாம் என்று நினைப்போம். அதற்கும் எல்லை உண்டு. செயற்கைச் சாயம் 1856க்குப் பிறகு வந்தது. ஆகவே அவுரி நீலம், மஞ்சிட்டிச் சிவப்பு, மஞ்சள், சாயம் போடாத பருத்தி, இவையும் இவற்றின் கலவைகளும் மட்டும். ஒரு நீலத்தை எடுத்தால் கூட்டத்தில் அங்கங்கே ஐந்து பேருக்கு அடித்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போகிறேன், கலைந்த கூட்டம் தானாக வந்துவிடுகிறது.

சிந்தியாவின் பக்கம் நூற்றுக்கு மேல் பீரங்கிகள். எனக்குப் பதின்மூன்று போதும், ஒன்பது முடிந்துவிட்டது. இழுக்கும் மாடுகள்தான் பாக்கி. வாங்கிய பொம்மை மாடுகளுக்குத் திமில் இல்லை. எம்-சீல் உருட்டி வைத்து, நகத்தால் அழுத்திக் காயவிட்டிருக்கிறேன். நான்கு ஜோடி.