ஓடித் தேய்வதைவிட நின்று கெடுபவை: பழைய பிரிட்டிஷ், இத்தாலிய வண்டிகள் பற்றிய கேள்வி-பதில்

ஐம்பது வயதைத் தொட்ட மோட்டார் சைக்கிள்கள் எப்போதும் பழுதாகிக்கொண்டே இருக்கும் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. அவற்றில் பெரும்பாலானவை ஓடித் தேய்வதைவிட நின்று கெடுபவை. அடுத்த காரணம், முன்பு வைத்திருந்தவர் அளந்து பார்க்காமல் மாட்டிய உதிரிப் பாகங்கள். இம்முறை வந்த கேள்விகளிலும் இந்த இரண்டும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

என்னிடம் இருப்பது 1972 நார்ட்டன் கமாண்டோ. மூன்று வாரம் நிறுத்திவிட்டு எடுத்தால் ஆயில் டேங்க் காலியாக இருக்கிறது. நிரப்பி ஸ்டார்ட் செய்தால் புகை மண்டுகிறது, அடியிலும் ஒழுகுகிறது. டேங்க்குக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு டேப் (திறந்து மூடும் குழாய்த் திருகு) வைத்து மூடிவிடலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா? (ஹாரோ, லண்டன்)

முதலில், காலியாகத் தெரியும் டேங்க்கை நிரப்புவதை இன்றே நிறுத்துங்கள். ஆயில் எங்கும் போய்விடவில்லை. இன்ஜினின் அடிவயிற்றில்தான் கிடக்கிறது. கமாண்டோவில் ஆயில் தனி டேங்க்கில் இருக்கும். பம்ப்பில் இரண்டு ஜோடிப் பற்சக்கரங்கள் உண்டு. ஒரு ஜோடி ஆயிலை இன்ஜினுக்கு அனுப்பும், அகலமான இன்னொரு ஜோடி அதைத் திரும்ப டேங்க்குக்கு ஏற்றும். வண்டி நிற்கும்போது பம்ப்பின் தேய்ந்த இடுக்குகள் வழியே டேங்க்கில் உள்ளது மெல்லக் கீழே இறங்குகிறது. அதற்கு மேல் நீங்களும் ஊற்றினால் அளவு இரட்டிப்பாகிறது. கிராங்க் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) அதைக் கலக்கி அடிக்க, உள்ளே அழுத்தம் ஏறி சீல்கள் வழியே வெளியேறுகிறது. புகையும் ஒழுகலும் அதனால்தான்.

நீண்ட நாள் நின்ற வண்டி என்றால் அடியிலுள்ள வடிகால் திருகைக் கழற்றி ஆயிலை வடித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். டேங்க்கில் அளவு பார்ப்பது எப்போதும் ஓட்டி முடித்த சில நிமிடங்களுக்குள்தான் இருக்க வேண்டும்.

டேப் வேண்டாம். திறக்க மறந்து புறப்பட்டால் பேரிங்குகள் எரிந்துபோக அதிக தூரம் தேவையில்லை. எவ்வளவு கவனமானவரும் ஒருநாள் மறப்பார். இக்னிஷனோடு இணைத்து, மூடியிருந்தால் தீப்பொறியே வராதபடி செய்யும் வகைகள் உண்டு. அப்படிச் செய்வதானால் மட்டும் யோசிக்கலாம். நான் சொல்வது அதைவிட எளிய வழி: பம்ப்பைக் கழற்றுங்கள். பம்ப் உடலின் முகப்பை, கண்ணாடிப் பலகை மேல் ஒட்டிய மென்மையான எமரித் தாளில் வைத்துத் தேய்த்து, பற்சக்கரங்களின் பக்கவாட்டு இடைவெளியைக் குறையுங்கள். கையால் சுழற்றினால் சற்றே இறுக்கமாக, ஆனால் எங்கும் சிக்காமல் சுழல வேண்டும். மூடும்போது பம்ப்புக்கும் டைமிங் மூடிக்கும் நடுவே இருக்கும் கூம்பு வடிவ ரப்பர் சீலைப் புதிதாகப் போடுங்கள். சில பவுண்டு விலையுள்ள அந்தச் சீல் காய்ந்து இறுகியிருந்தால், பம்ப் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆயில் கிராங்க்குக்குச் சரியாகப் போய்ச் சேராது. இவ்வளவு செய்தும் பல மாதங்கள் நின்றால் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

இத்தாலியின் கோமோ ஏரிக் கரையில் ஒரு முதியவரிடம் மோட்டோ குஸ்ஸி வி7 ஸ்பெஷல் வாங்கினேன். ஓட்டம் மிக நன்றாக இருக்கிறது. ஆயில் ஃபில்டரைத் தேடினேன், கிடைக்கவில்லை. எங்கே இருக்கிறது? (லுகானோ, சுவிட்சர்லாந்து)

இல்லாததைத் தேடியிருக்கிறீர்கள். அந்தத் தலைமுறை வி7-இல் காகித ஃபில்டர் கிடையாது. ஆயில் பாத்திரத்துக்குள் ஒரு கம்பி வலை மட்டும்தான். மோட்டோ குஸ்ஸியின் மண்டெல்லோ தெல் லாரியோ தொழிற்சாலையில் பிறந்த பெரிய வி-ட்வின்களில் (வி வடிவில் இரண்டு சிலிண்டர் கொண்ட வண்டிகள்) ஃபில்டர் வந்ததே பிந்தைய 850-டி3 மாடலின் காலத்தில்தான். ஆகவே உங்கள் வண்டிக்கு ஒவ்வொரு மூவாயிரம் கிலோமீட்டருக்கும் ஆயில் மாற்றுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்று இதைவிட முக்கியம். உங்கள் சிலிண்டர்களின் உட்சுவர் குரோம் பூசப்பட்டது. வண்டி ஆண்டுக்கணக்கில் ஈரத்தில் நின்றால் குரோமுக்கு அடியில் அரிப்பு தொடங்கி, பூச்சு செதில் செதிலாக உரியும். கண்ணாடித் துகள் போன்ற அந்தச் செதில்களை வலை தடுக்காது. காந்தம் பதித்த வடிகால் திருகும் பிடிக்காது, ஏனென்றால் குரோமியம் காந்தத்தில் ஒட்டாது. அவை நேரே கிராங்க் பேரிங்குகளுக்குப் போய் அவற்றைத் தின்றுவிடும். ஓட்டம் இனிமையாக இருப்பது எதற்கும் சான்றல்ல. பூச்சு உரியத் தொடங்கிய வண்டியும் ஆரம்பத்தில் இனிமையாகவே ஓடும்.

ஸ்பார்க் பிளக் துளை வழியே மெல்லிய கேமராவை இறக்கிப் பாருங்கள். அல்லது சிலிண்டர் ஹெட்டுகளையே கழற்றிவிடுங்கள். இரண்டும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் இந்த இன்ஜினில் அது ஒரு மாலை நேர வேலை. விளிம்புகளில் புள்ளி புள்ளியாக உரிந்திருந்தால், எவ்வளவு சிறிதாக இருந்தாலும், அந்தச் சிலிண்டரோடு ஓட்டாதீர்கள். குரோம் சுவரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட முடியாது. நிக்கசில் (நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் சேர்ந்த கடினப் பூச்சு) பூசிய புதிய சிலிண்டர், பிஸ்டன் ஜோடிகள் கிடைக்கின்றன. விலை கசக்கும், ஆனாலும் கிராங்க் வேலையோடு ஒப்பிட்டால் குறைவு. சுவர் நன்றாக இருந்து பிஸ்டன் வளையங்களை மட்டும் மாற்றுவதானால் குரோம் வளையம் வாங்கிவிடாதீர்கள். குரோம் மேல் குரோம் உரசக் கூடாது. வார்ப்பிரும்பு வளையமே சரி.

தாத்தாவின் பழைய புல்லட்டைப் பிரிக்கத் தொடங்கியிருக்கிறேன். 13 மில்லிமீட்டர் ஸ்பானர் நுழைய மறுக்கிறது, 14 நழுவுகிறது. (கோவை)

அது மில்லிமீட்டர் வண்டியே அல்ல. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெடிச் நகர ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியபோது, திருவொற்றியூருக்கு வண்டியோடு அந்த ஊர் அளவுகளும் வந்தன. விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல முறை ஸ்பானரில் பொறித்திருக்கும் எண் நட்டின் அகலம் அல்ல, உள்ளே போகும் போல்ட்டின் விட்டம். கால் அங்குல விட்வொர்த் நட்டின் அகலம் சுமார் 13.3 மி.மீ. அதனால்தான் உங்கள் இரண்டு ஸ்பானர்களும் பொருந்தவில்லை. இன்னும் ஒரு முனையைக்கூட மழுங்கடிக்காமல் விட்வொர்த் செட் ஒன்று வாங்குங்கள்.

மரை விஷயத்தில் இதைவிட எச்சரிக்கை தேவை. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் வரும் ‘சைக்கிள் மரை’ வகையில், கால் அங்குல மரைக்கு அங்குலத்துக்கு 26 சுற்று, அமெரிக்க யூ.என்.எஃப். மரையில் 28. கையில் கிடைத்த போல்ட்டை அலுமினியத் துளையில் விட்டால் இரண்டு மூன்று சுற்று அருமையாகப் போகும், பிறகு இறுகும். அந்த இடத்தில் பலம் கொடுத்தால் துளையின் மரை போய்விடும். மரை அளவுகோல் வைத்துப் பார்க்காமல் எதையும் திருகாதீர்கள். பழைய மரை கெட்டிருந்தால் உங்கள் ஊர் கடைசல் பட்டறைகளுக்கு அதைச் சரிசெய்வது கைவந்த கலை. அசல் போல்ட்டையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

1960 பி.எஸ்.ஏ. கோல்டு ஸ்டார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அசலா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (பர்மிங்ஹாம்)

கோல்டு ஸ்டாரின் விலை ஏறியதால், பி.எஸ்.ஏ.வின் சாதாரண பி31, பி33 மாடல்களின் சட்டத்தில் (ஃபிரேம்) அந்த இன்ஜினைப் பொருத்தி விற்பது பல காலமாக நடக்கிறது. முதலில் குனிந்து, வலப்புறக் கீழ்க் குழாயைப் பாருங்கள். கோல்டு ஸ்டாரின் பெரிய ஆயில் பம்ப்புக்கு இடம் கொடுக்க அதில் ஒரு வளைவு இருக்கும். பி31 சட்டத்தில் அந்தக் குழாய் நேராகப் போகும். அடுத்து எண்கள்: 500 சிசி கிளப்மேன் வகைக்கு இன்ஜினில் டிபிடி34, சட்டத்தில் சிபி32 என்று தொடங்க வேண்டும். எழுத்துகள் வரிசை பிசகியோ, அவற்றுக்கு அடியில் உலோகம் அரம் போட்டது போல வழவழப்பாகவோ இருந்தால் ஐயப்படுங்கள். பணம் கொடுக்கும் முன், விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் வைத்திருக்கும் தொழிற்சாலைப் பதிவேடுகளில் அந்த எண்ணைச் சரிபார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்குக் காத்திருக்க மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

கலப்பு வண்டி கெட்ட வண்டி என்று சொல்ல மாட்டேன். ஓட்டுவதற்கு அதுவும் இன்பமே. கலப்பு வண்டிக்கு உரிய விலையில் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

1981 டுகாட்டி பான்டா. வெறும் 14,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. வால்வுகளை இயக்கும் கேம் பெல்ட்டை மாற்ற வேண்டுமா? (டொராண்டோ)

மாற்றாமல் ஸ்டார்ட்டர் பொத்தானைத் தொடாதீர்கள். ஓடிய தூரம் இங்கே பொருட்டே அல்ல. ரப்பர் வயதால் கெடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதே முறை. டெஸ்மோ எனப்படும் இந்த டுகாட்டி இன்ஜினில் வால்வைத் திறப்பதும் மூடுவதும் கேம்தான் (சுழலும் தண்டிலுள்ள மேடு). பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும், திறந்த வால்வு திறந்தபடியே நின்று பிஸ்டனிடம் அடி வாங்கும். பெல்ட்டோடு இழுவைச் சக்கரத்தின் பேரிங்கையும் விரலால் சுழற்றிப் பாருங்கள். சொரசொரப்பு தெரிந்தால் அதையும் மாற்றுங்கள்.

கமாண்டோ ஃபாஸ்ட்பேக். கண்ணாடியிழை டேங்க்கின் பெயின்ட் கொப்புளமாக எழும்புகிறது. (லெஸ்டர்)

எத்தனால்தான் காரணமாக இருக்கும். 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் சாதாரணப் பெட்ரோல் 10 சதவீதம்வரை எத்தனால் கலந்தது. பழைய பாலியெஸ்டர் ரெசினை அது ஊறவைத்து இளக்கும். கரைந்த ரெசின் கார்புரேட்டரில் பிசினாகப் படிந்து வால்வு தண்டுகளையும் ஒட்டவைக்கும். இத்தாலியப் பந்தய வகைகளின் கண்ணாடியிழை டேங்க்குகளுக்கும் இதே கதிதான். உட்பூச்சு அடித்துத் தப்பிக்கலாம் என்றாலும், ஏற்கெனவே எத்தனால் குடித்த சுவரில் பூச்சு சரியாக ஒட்டுவதில்லை. என் முடிவு அலுமினிய மாற்று டேங்க். அசலை உலர்த்தி வீட்டுக்குள் பத்திரமாக வையுங்கள். அதுவரை எத்தனால் குறைவான சூப்பர் கிரேடு பெட்ரோல் மட்டும் போட்டு, ஓட்டி வந்ததும் வடித்துவிடுங்கள்.

டிரையம்ஃபில் பாட்டரி மாற்றியதும் ஃபியூஸ் போகிறது. (கொழும்பு)

பாசிட்டிவ் முனை சட்டத்தோடு சேர வேண்டிய வண்டி அது. நீங்கள் நெகட்டிவைச் சேர்த்திருப்பீர்கள். சரியாக மாற்றி மாட்டிய பிறகும் சார்ஜ் ஏறாவிட்டால் மின்னோட்டத்தைப் பாட்டரிக்கு ஏற்றதாக மாற்றும் ரெக்டிஃபையரையும், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஜீனர் டயோடையும் சோதியுங்கள்.

குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன். போதுமா? (ஹாரோ, இன்னொரு வாசகர்)

அதைச் செய்யாமல் இருப்பதே நல்லது. எரிபொருள் எரியும்போது நீராவி பிறக்கிறது. ஐந்து நிமிடத்தில் இன்ஜின் முழுச் சூட்டை எட்டாது. அந்த ஈரம் ஆயிலில் தங்கி, அமிலத்தோடு சேர்ந்து பேரிங்கை அரிக்கும். சாலையில் உப்பு இல்லாத உலர்ந்த நாளாகப் பார்த்து இருபது கிலோமீட்டராவது ஓட்டுங்கள். அது முடியாதென்றால் குளிர் தொடங்கும் முன்பே ஆயிலை மாற்றுங்கள், கார்புரேட்டர் கிண்ணத்தை வடியுங்கள், பாட்டரியைக் கழற்றி உள்ளே கொண்டுபோங்கள். பிறகு வசந்தம்வரை வண்டியைத் தொட வேண்டாம். மீண்டும் எடுக்கும் நாளில், இக்னிஷன் போடும் முன் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை நாலைந்து முறை மிதியுங்கள். ஒட்டிக் கிடக்கும் தகடுகள் பிரிந்துவிடும், முதல் கியர் போடும்போது வண்டி துள்ளாது.